ஆடியில் இறக்கிய கியர் பெட்டி

பிளசர் என்றால் நம் வயசுக்காரர்களுக்குத்தான் தெரியும். கார் என்று நாம் என்றைக்குச் சொன்னோம்? தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டால், "ஏட்டி, பிளசர் வருது" என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய கூட்டம்தானே நாம். போன மாதம் என் கொழுந்தன் மகன் அப்படி ஒரு பழைய பிளசரை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாங்கிவந்து, வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டான். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். கியர் பெட்டி செத்துக் கிடந்தது. போனிலேயே பார்த்துப் பேசி வேறொரு பெட்டி வரவழைத்தான். அதிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் வண்டிக்கு அடியில் ஓடுமே ஒரு நீள இரும்புக் குழாய், அந்த ஷாஃப்டும் வந்தது. மாட்டுகிற அன்றைக்கு, "பெரியம்மா, வந்து பாருங்க, எப்படி உக்காருதுன்னு" என்று கூப்பிட்டான். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிரீஸ் வாடை ஜன்னல் வழியே வந்ததுமே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டு பிளசருக்கும் இப்படித்தான் பெட்டியும் ஷாஃப்டும் மாற்றினார்கள். அந்த ஆடி மாதம் முழுக்க என் அக்காவுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அந்த வண்டி சரியாகிவிடக் கூடாது.

அப்பாவுக்கு சங்கரன்கோவிலில் வத்தல் கமிஷன் மண்டி. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட கொட்டகையில் மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று தும்மித் தும்மிக் கண் சிவந்து போவார்கள்; எங்களுக்கு அது காற்று மாதிரி. அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான் பிளசர் நிற்கும். யாரோ ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த வண்டி, சந்தன நிறம். உள்ளே சீட்டுக்கு அம்மா பழைய பட்டு வேட்டியில் உறை தைத்திருந்தாள். அப்பா எங்களைத் தொட்டுக் கொஞ்சியதைவிட அந்த வண்டியைத் துடைத்ததுதான் அதிகம். பொய்யில்லை.

அக்காவைச் சித்திரையில் புளியங்குடிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எலுமிச்சை மண்டிக்காரர்கள், பெரிய இடம். புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது நம் வழக்கம் அல்லவா? அப்பா ஜம்மென்று பிளசரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். நானும் போனேன். வரும் வழியெல்லாம் பெட்டி முனகிக்கொண்டே வந்தது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் 'கடகட'வென்று ஒரு சத்தம். போட்ட கியர் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது, வண்டி நின்றுவிட்டது. தெருக்காரர்கள் கூடி வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்கா உள்ளே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். புதுப்பெண் இப்படியா சிரிப்பாள் என்று அம்மா வாசலில் நின்று முறைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். இது எனக்குப் புரிய எத்தனை வருஷமாயிற்று!

அன்று ராத்திரியே அப்பா சட்டம் போட்டுவிட்டார். "ஆவணி பொறந்து மொத முகூர்த்தத்துல இதே வண்டியிலதான் பிள்ளையக் கொண்டு விடணும். பிளசர்ல கூட்டிட்டு வந்தவள பஸ்ல கொண்டுபோயி எறக்குனா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாவ?"

"வண்டி சரியாவலன்னா?" என்றாள் அக்கா.

"சரியாவுற வரைக்கும் இங்கன இருக்க வேண்டியதுதான்" என்று அப்பா விளையாட்டாகச் சொன்னார். அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மெக்கானிக் பாய் வந்தார். கடையநல்லூர்க்காரர். தம்பிமார்கள் எல்லாம் துபாய்க்குப் போய்விட, இவர் மட்டும் ஸ்பானர் பையோடு தினமும் காலை பஸ்ஸில் புளியங்குடி வழியாக எங்கள் ஊருக்கு வந்து போவார். அப்பா வயசுதான். நாலு கருங்கல்லை அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தினார். சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து, பழைய பெட்டியைக் கழற்றி நெஞ்சின் மேல் வாங்கி, முக்கி முனகி வெளியே வந்தார். உள்ளே பல் உடைந்து எண்ணெயோடு குழம்பிக் கிடந்தது. கழற்றிய போல்ட்டுகளையெல்லாம் ஒரு பால்பவுடர் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். மிளகாய் நெடியும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடையை இன்றைக்கும் என்னால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

காப்பி கொண்டுபோய்க் கொடுப்பது அக்கா வேலை. நானும் வாலாகப் பின்னாலேயே போவேன். டம்ளரை வைத்ததும் அக்கா கேட்பாள்.

"இன்னும் எத்தன நாளாவும் பாய்?"

"ஆயிரும்மா, ஆயிரும்."

"வரும்போது புளியங்குடி மண்டிப் பக்கம் அவுகளப் பாத்தியளா?"

"மண்டியிலதான் நின்னாவ. நல்லாத்தான் இருக்காவ."

தினமும் இதே இரண்டு கேள்விதான். இது வீடு முழுக்கப் பரவி, தெரு முழுக்கப் பரவிவிட்டது. கோமதி அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து இறங்கிய அத்தை, அப்பாவின் அக்கா, வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஒரு மாசம் பொறுக்க மாட்டியா? வண்டி ரெடியாவலன்னா நீ ஓடியே புளியங்குடி போயிருவ போலிருக்கே!" பொம்பளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமாம்! புருஷன் தன்னைத் தேடி வருகிறானா என்று பார்க்கத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்காவது தோன்றியிருக்கக் கூடாதா? எல்லாரும் மூன்று நான்கு பெற்றவர்கள். என்னத்தைப் பெற்றார்களோ.

மதுரையிலிருந்து அப்பா ஒரு பழைய பெட்டி வாங்கி வந்தார். பாய் அதை ஏற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார். "இது வேற மாடல் வண்டிப் பொட்டி அண்ணாச்சி. நீளம் கம்மி. நம்ம ஷாஃப்ட் எட்டாது."

"எவ்வளவுவே எட்டல?"

"நாலு வெரக்கட" என்று பாய் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

"நாலு வெரக்கடதான? இழுத்து மாட்டும்."

"இழுக்கதுக்கு இது என்ன ஜவ்வு மிட்டாயா அண்ணாச்சி? அந்த வண்டியோட ஷாஃப்டையும் சேத்து எடுத்தாத்தான் ஆச்சு."

அன்றைக்கு அக்கா என் தலையைப் பின்னி, கனகாம்பரம் வைத்துவிட்டு, தானும் வைத்துக்கொண்டு, கொட்டகைக்குள் வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடினாள். "பாரு, ஏக்கத்த மறைக்கதுக்குப் பாடுதா" என்று அம்மா அத்தையிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

பாய்க்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. அவருக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். புருஷனைப் பிரிந்து தவிக்கிற பிள்ளைக்காக அவரே மதுரைக்கு பஸ் ஏறி, பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அந்த ஷாஃப்டைத் தேடிப் பிடித்துத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கு வருவதில்லை. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு வந்து நின்றார். "எம்மா, ஒனக்காவத்தான் இன்னைக்கும் வந்திருக்கேன். தபசு முடியதுக்குள்ள வண்டி ஓடும் பாத்துக்கோ" என்றார். அக்கா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து காப்பி கொட்டிவிட்டது.

அக்கா கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்கைக்கு உள்பக்கம் வட்ட வட்டமாகச் சின்னச் சின்னப் புண். வந்த அன்றைக்கே அம்மா பார்த்துவிட்டாள். "ஊர் மாத்தம், தண்ணி ஒத்துக்கிடல" என்றாள். நம் ஊரில் தோலில் என்ன வந்தாலும் கோயில் புற்றுமண்தானே மருந்து. தினமும் சாயங்காலம் அம்மா புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து அந்தப் புண்ணில் பூசிவிட்டு, "கோமதித் தாயே, என் பிள்ளையச் சீக்கிரம் சொகப்படுத்தி அனுப்பிரு" என்று கும்பிடுவாள். அக்கா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மண் காய்ந்து வெடித்து உதிரும்.

தபசு அன்றைக்கு ஊரே கோயிலில் கிடந்தது. அம்மன் சப்பரத்தின் மேல் அள்ளி வீசிச் சூறை விடுவதற்கு அப்பா ஒரு ஓலைப்பெட்டி நிறைய வத்தல் எடுத்துக்கொண்டு போனார், அம்மாவும் அத்தையும் பின்னால் போனார்கள். அக்கா தலைவலி என்று படுத்துவிட்டாள். அவளுக்குத் துணையாக என்னை விட்டுப் போனார்கள். தபசு பார்க்க முடியாத ஆத்திரத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன். மத்தியான நேரம். ஆடிக்காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. பெட்டி ஏறிவிட்டது, ஷாஃப்டும் மாட்டியாயிற்று. பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா காப்பி?" என்றார்.

அக்கா காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள். "இத இன்னும் கொஞ்ச நாள் இழுக்க முடியாதா பாய்?"

பாய் சிரித்தார். கேலி செய்கிறாள் என்று நினைத்திருக்கிறார். அக்கா வளையலை மேலே தள்ளிவிட்டு முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது சொறி இல்ல பாய். பீடி."

பாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "யா அல்லா" என்று சொல்லிக்கொண்டே அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சிட்ட சொல்லலியாம்மா?" என்றார்.

"அம்மாட்ட சொன்னேன். கோவத்துல செஞ்சிருப்பாவ, போகப் போகச் சரியாயிரும்னு சொல்லிட்டு மண்ணக் கொழைக்கப் போயிட்டா. அப்பாட்ட சொல்லிராதிய பாய். நான் மெக்கானிக்கிட்டப் போயி வீட்டு விஷயத்தச் சொன்னேன்னு அதுக்கு வேற அடி விழும்."

காப்பி ஆறிப்போய் ஈ விழுந்தது.

மறுநாள் அப்பா வண்டியை ஓட்டிப் பார்க்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால், பெட்டி மறுபடியும் தரையில் கிடக்கிறது! "உள்ள பேரிங் சத்தம் வருது அண்ணாச்சி. பிரிச்சுப் பாக்கணும்" என்றார் பாய். இரண்டு நாள் பிரித்தார், இரண்டு நாள் துடைத்தார். பிறகு ஷாஃப்ட் கோணல் என்றார். பிறகு கிளட்ச் என்றார். ஆவணி நெருங்க நெருங்க அப்பாவுக்கு முகம் சிவந்தது.

ஒருநாள் பாய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பிள்ள இன்னும் ஒரு மாசம் இங்கன இருக்கட்டுமே அண்ணாச்சி. என்ன இப்ப?"

அப்பா விறைத்துக்கொண்டார். "உமக்கு எதுக்குவே எங்க வீட்டு விஷயம்? நீரு வண்டியப் பாரும். என் பிள்ளைய எப்ப அனுப்பணும்னு உம்மகிட்டக் கேட்டுக்கிட்டா அனுப்பணும்?"

பாய் பையை எடுத்துக்கொண்டு போனார். அப்பா அதோடு விட்டாரா? பாய்க்குக் கைப்பக்குவம் போய்விட்டது, ஓடுகிற வண்டியைப் பிரித்துப் போட்டு ஏமாற்றுகிறார் என்று மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். அவரிடம் வேலை கொடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பாய் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒரு இளவட்டம் வந்தான். விசில் அடித்துக்கொண்டே ஒரே பகலில் பெட்டியை ஏற்றி, ஷாஃப்டை மாட்டி, ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டான். "ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி, எல்லாம் நல்லாத்தான இருக்கு" என்றான். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்பா தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

முகூர்த்த நாள் காலையில் சீர்முறுக்கு, அதிரசம், வாழைத்தார் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் அம்மாவும் அக்காவும். பாதி வழி தாண்டியிருப்போம், இரண்டு பக்கமும் பனையும் கரிசலும்தான். அடியில் 'டொக் டொக்' என்று ஏதோ தட்டியது. அப்பா காது கொடுத்துக் கேட்பதற்குள் பெரிய சத்தம். பின்பக்கம் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் இழுபட, வண்டி உறுமிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது. இளவட்டம் நட்டுகளைச் சரியாக முறுக்கவில்லை.

இறங்கினோம். அக்கா ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாயிற்று. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, திரும்பிப் போயிருவோம்மா. சகுனம் சரியில்லன்னாவது சொல்லும்மா" என்று கெஞ்சினாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரோட்டைப் பார்த்தார். "சின்னப்பிள்ள மாதிரி என்ன இது?" என்று மட்டும் சொன்னார்.

நான் விடவில்லை. "அப்பா, அது சொறி இல்லப்பா, அத்தான் பீடியால சுட்டதுப்பா" என்று கத்தினேன். அம்மா என் வாயில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்பாவுக்குக் காதில் விழுந்ததா, விழாத மாதிரி நின்றாரா, தெரியாது. அதற்குள் சங்கரன்கோவில் பக்கமிருந்து பஸ் வந்தது. அப்பா நடு ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஆமாம், பஸ். எந்த பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினால் கௌரவம் போய்விடும் என்று ஒரு மாதம் கொட்டகையில் இரும்பை உருட்டினாரோ, அதே பஸ். "நல்ல நேரம் முடியதுக்குள்ள போயிருங்க" என்று வாழைத்தாரை மேலே ஏற்றிவிட்டார். அம்மா அக்காவின் தோளைப் பிடித்து ஏற்றினாள். நான் உதட்டில் ரத்தத்தோடு அப்பாவுடன் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையில் காலை பஸ் வந்தது. எங்களைத் தாண்டிப் போய் நின்றது. பையோடு பாய் இறங்கி நடந்து வந்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் ஒரு வார்த்தை கேட்காமல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனார். பையில் எப்போதும் நட்டு போல்ட்டு வைத்திருப்பார். அடியிலிருந்து தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எவ்வளவோ நேரம் கழித்து அப்பா குனிந்து கேட்டார். "நல்லா இருந்த பொட்டிய எதுக்குவே பிரிச்சுப் போட்டீரு?"

தட்டுகிற சத்தம் நின்றது. பாய் அடியில் படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேலே எங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

"இத ஏன்வே எங்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டியளா அண்ணாச்சி?"

அப்பா நிமிர்ந்து நின்றார். பாய் வெளியே வந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஓட்டிப் பாருங்க" என்றார். வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. புளியங்குடி நாலைந்து மைல்தான் இருக்கும். பஸ்ஸைப் பிடிக்க முடியாவிட்டாலும் வீட்டு வாசலில் பிடித்திருக்கலாம். "அக்காவக் கூட்டிட்டு வரப் போறமாப்பா?" என்று கேட்டேன். பாயும் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கியரைப் போட்டார். வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினார்.

அம்மா சாயங்காலம் தனியாக பஸ்ஸில் வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாய்க்குத்தான் வண்டி வேலையெல்லாம் கொடுத்தார். மண்டியில் போய், அவரைப் பற்றித் தான் சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? ஏன் தப்பு என்று கேட்பார்களே.

அப்பா கெட்டவரில்லை. இதை நான் சொல்லாவிட்டால் நீங்கள் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதன் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. தலைத் தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, தட்டு, பழம், வெற்றிலை எல்லாம் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பிளசரில் புளியங்குடிக்குக் கிளம்பிவிட்டார். வழியெல்லாம், "ஒங்க அக்காவ ரெண்டு மாசம் வச்சுக்கிடுவோம், என்ன?" என்று என்னிடம் நாலைந்து தரம் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அக்கா வாசலுக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அவள் மாமியார் உள்ளிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அப்பா அந்த அம்மாளைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். குரலே மாறிவிட்டது.

"தீவாளிக்கு மாப்பிள்ளையும் பிள்ளையும் வரணும். முடிஞ்ச மறுநாளே நானே வண்டியில கொண்டாந்து விட்டுருதேன்."

அக்கா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் வரலப்பா" என்றாள்.

மாமியார் ஏதோ கேலி சொல்லிச் சிரித்தாள். புருஷன் வீட்டை விட்டு வர மனசில்லையாம். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அக்கா உள்ளே போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.